ஆதரவற்ற கோப்பு

"பிளை, ஒரு வார்த்தைய மாத்திட்டேன். எதுன்னு கண்டுபிடி பாப்போம்."

என் கணவர் வைத்த கடைசிப் புதிர் இது. நான் அப்போது ஒரு காலில் செருப்போடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

'பிளை' என்பது நான்தான். அச்சகத்தில் பிழைதிருத்துநர் வேலை. கல்யாணமான புதிதில் அதைச் சுருக்கி 'பிழை' என்று பட்டப்பெயர் வைத்தார். வைத்தவருக்கு ழகரம் வராது. அவர் குடும்பத்தில் யாருக்குமே வராது. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ரொம்ப நாள், அவர் என்னைப் பாசமாகப் 'பிள்ளை' என்று கூப்பிடுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பின்கட்டு அறையில் அவருக்கு ஒரு கணினி இருந்தது. வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அதில்தான். அதை இணையத்தில் இணைக்க மாட்டார். "வெளியுலகம் தெரிஞ்சா கெட்டுப் போயிடும்" என்பார், பெண்ணைப் பெற்ற அந்தக் காலத்துத் தகப்பன் மாதிரி. தினமும் காலையில் அதைப் போட்டதும் "புத்தாண்டு வாள்த்துகள்" என்று அதற்கு ஒரு வணக்கம் வேறு. ஏன் என்று நான் கேட்டதில்லை. கணவர்கள் சொல்வதற்கெல்லாம் காரணம் கேட்டால் அச்சகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது.

அப்போது கையில் இருந்தது நீர் வாரியத்துக்காக, நகரின் நீரேற்று நிலையத்துக்கு ஐம்பது வயதானதைச் சொல்லும் பன்னிரண்டு நிமிடப் படம். உரை நான் எழுதியது. அறிவிப்பாளர் வந்து பேசும்வரை இடத்தை நிரப்ப, தன் குரலிலேயே அதைப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். அந்தத் தொழிலில் அது வழக்கம். அவர்தான் பேசுவார் என்று தெரிந்தே உரையில் இருபத்து மூன்று இடங்களில் 'குழாய்' என்று எழுதியிருந்தேன். மனைவியாக இருப்பதில் சில சலுகைகள் உண்டு.

"சாயங்காலம் கேக்கறேன். இப்ப செருப்பக் காணோம்."

"ஒரே ஒரு வார்த்தைதான்."

"சாயங்காலம்."

சாயங்காலம் வந்தது. அவர் வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, விட்டுப்போன ஒரு காட்சியைப் படமெடுக்கப் போன இடத்தில், நீரேற்று நிலையத்து மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது.

*

ஐந்து வாரம் கழித்து அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தை எது என்று தெரிந்தாக வேண்டும். வேறு எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அப்போது இல்லை.

படத்தின் மேல் சொடுக்கினேன். திரையில் ஒரு சாம்பல் பெட்டி வந்தது.

'ஆதரவுக் காலம் முடிந்தது. இது ஆதரவற்ற கோப்பு.'

அந்த நிறுவனம் தன் மென்பொருளைப் பல மொழிகளில் பேச வைத்திருந்தது. தமிழில் பேச வைத்தவர் யார் கையிலாவது அடி வாங்கியிருக்க வேண்டியவர். அன்று காலைதான் ஓர் அலுவலகப் படிவத்தில் 'ஆதரவற்ற விதவை' என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆக, வீட்டில் இப்போது இரண்டு பேர்.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. மரம் வந்து தன் காரில் மோதியதாகச் சொல்பவர்களிடம் மரத்தின் வேகம் எவ்வளவு என்று கேட்பது அவள் வேலை. நான் அவளை 'ஆபீசர்' என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

வந்தாள். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அண்ணன் செத்த வீட்டிலும் அவளுக்குக் குறிப்பேடு வேண்டும்.

"இது கடைசியா எப்ப தொறந்துச்சு, அண்ணி?"

"அவரு போன அன்னிக்குக் காலைல."

"இன்னிக்குத் தொறக்கல. அப்போ நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்க. பொருள் பொய் சொல்லாது. ஆளுங்கதான் சொல்லுவாங்க."

"நல்லாருக்கு. இதச் சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டி வெச்சிருக்கியா?"

"அந்த ரூமுக்குள்ள வெளியாள் யாரெல்லாம் போனாங்க?"

"இரவல் மட்டும்தான்."

இரவல் என்பவர் என் கணவரின் தொழில் நண்பர். விளக்கு, வயர், கேமரா முக்காலி என்று அவர் எங்களிடம் வாங்கிப் போகாத பொருள் கிடையாது. திரும்பி வந்த பொருளும் கிடையாது. அவர் வீட்டுக்குப் போனால் நம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும்.

ஆபீசரின் கண் மின்னியது. "அண்ணனுக்குத் தொளில் போட்டி. மோட்டிவ் இருக்கு."

"அவருக்கு எடுத்துட்டுப் போகத்தான் தெரியும். கெடுத்துட்டுப் போகத் தெரியாது."

அவள் அதற்குள் அவரை அலைபேசியில் பிடித்து, நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள்.

"ரூமுக்குள்ள என்ன பண்ணீங்க?"

"முக்காலியத் திருப்பி வெச்சேம்மா" என்றார் இரவல். "அவரு இருக்கறப்போ ஒரு தடவயாவது குடுத்திருக்கணும். ரெண்டாவது வாரம்தான் வந்தேன். காலிங் பெல்ல சும்மா அமுத்துனேன், அது அடிச்சிருச்சு. பயந்தே போயிட்டேன். மூணு வருசமா அடிக்காத பெல்லும்மா அது."

"கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"

"அவரு நாற்காலியவே பாக்க முடியல. இதுல கம்ப்யூட்டர எங்க தொடறது?"

போனை வைத்தாள். குறிப்பேட்டில் ஏதோ எழுதி, அடித்தாள்.

"என்ன எளுதலாம்?" என்றாள்.

"திருப்பிக் கொடுத்தார்னு எழுது. சரித்திரத்துல பதிவாகட்டும்."

*

அடுத்து நிறுவனத்தின் உதவி எண். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் குரல் சொன்னது. முப்பத்தேழு நிமிடம் நாங்கள் முக்கியமாக இருந்தோம். பிறகு ஓர் ஆண் குரல் வந்தது.

"கேமராவில் எடுத்த காட்சியா, மேடம்? அது கேமரா பிரிவு."

கேமரா பிரிவுக்கு மாற்றினார்கள்.

"திறக்கலன்னா அது மென்பொருள் பிரிவு, மேடம்."

"ஏங்க, கேமராவும் நீங்க செஞ்சது, மென்பொருளும் நீங்க செஞ்சது. ரெண்டு மேலயும் ஒரே முத்திரைதானே போட்டிருக்கு?" என்றேன்.

"ஆமா மேடம். ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருக்கும் சகோதரர்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

மறுநாள் காலை கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, வாடகை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனோம். நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே வெல்வெட் துணிமேல் என் கணவர் வைத்திருந்த அதே கேமரா. கீழே பித்தளைத் தகட்டில் 'எங்கள் பெருமை' என்று பொறித்திருந்தது.

கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் எங்களை உட்கார வைத்தார். கோப்பைத் தன் கணினிக்கு மாற்றி, மென்பொருளின் புத்தம்புதிய பதிப்பில் திறந்தார். 'அறிமுகமில்லாத கேமரா' என்றது அது.

"அறிமுகம் இல்லையா? அதோ வாசல்ல ஒக்காந்திருக்கே" என்றேன்.

அவர் பேழையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். "அது காட்சிக்கு, மேடம். ஆதரவுக்கு இல்ல."

"உள்ள பதிஞ்ச குரல மட்டும் தனியா எடுத்துக் குடுங்க. படம் வேணாம்."

"குரலையும் உங்க மெஷின்ல இருக்கற பதிப்பு தன் கோப்புக்குள்ளேயே பூட்டி வெச்சுக்கும், மேடம். பழைய பதிப்புதான் திறக்கணும். பழைய பதிப்புக்கு ஆதரவு முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. அந்தத் தேதி வந்ததும் அதுவே தன்னப் பூட்டிக்கும்."

ஆபீசர் நிமிர்ந்தாள். இதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"ஆறு வருசம் முன்னாடியே பூட்டிக்கிச்சா?"

"ஆமா மேடம்."

"அஞ்சு வாரம் முன்னாடி வரைக்கும் தினம் தொறந்துச்சே?"

"திறந்திருக்க முடியாது."

"எங்கண்ணன் தெனமும் அதுலதான் வேலை செஞ்சான். அப்போ அவன் ஆறு வருசமா மூடின கம்ப்யூட்டரப் பாத்துட்டு ஒக்காந்திருந்தானா?"

கழுத்துப்பட்டைக்காரருக்கு முதல்முறையாக முகத்தில் ஆர்வம் வந்தது. ஆர்வம் வந்ததும் வயது குறைந்து மனிதராகத் தெரிந்தார். எங்கள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி பளபளவென்று இருந்தது.

"இவ்வளவு பழைய மெஷின்ல இவ்வளவு புது பேட்டரியா? யார் மாத்துனாங்க?"

"அது எதுக்கு?" என்றேன்.

"இதுதான் மெஷினுக்குத் தேதிய ஞாபகம் வெக்கும். இது செத்துப் போச்சுன்னா, ஒவ்வொரு தடவ போடும்போதும் தேதி ஆரம்பத்துக்குப் போயிடும். செஞ்ச வருஷத்து ஜனவரி ஒண்ணு."

ஜனவரி ஒன்று.

புத்தாண்டு வாள்த்துகள்.

பத்து வருடமாக ஒவ்வொரு நாளும், வெயிலிலும் மழையிலும், அந்த மனிதர் காரணத்தோடுதான் வாழ்த்தியிருக்கிறார். அவருடைய கணினிக்கு வயதே ஆகவில்லை. ஆதரவு முடியும் தேதி அதற்கு வரவே இல்லை. நிறுவனம் கைவிட்டது அதற்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வெளியுலகம் தெரிந்தால் கெட்டுப் போயிடும் என்று அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் அச்சகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தவள்.

"இதுக்கு என்ன தீர்வு?" என்று கேட்டேன்.

"அதிகாரபூர்வமா எங்ககிட்ட தீர்வு இல்ல, மேடம்." அவர் சுற்றிலும் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன். போறதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு சொல்றேன். செத்த பேட்டரிதான் அந்த மெஷினுக்கு உயிர்."

போய்விட்டார். அந்த நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த ஆதரவு அந்த ஒரு வரிதான். அதையும் அவர் சொந்தப் பொறுப்பில் கொடுத்தார்.

*

திரும்பி வரும் வண்டியில் ஆபீசர் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள். குறிப்பேடு பைக்குள்ளேயே இருந்தது. இதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. குற்றம் நடந்த விதம் தெரிந்தாயிற்று. இந்நேரம் சந்தேக ஆட்களின் பட்டியலைப் போட ஆரம்பித்திருக்க வேண்டியவள்.

பிழைதிருத்துபவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சரியாக இருப்பதை நாங்கள் பார்ப்பதே இல்லை. தவறு மட்டும்தான் கண்ணில் படும். அதனால்தான் ஐந்து வாரமாக என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் ஊமையாக இருந்த காலிங் பெல் அடிக்கிறது. பின்கட்டு அறையில் நான்கு பத்தில் நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. டார்ச் எரிகிறது. தட்டித் தட்டி வேலை வாங்கிய டிவி ரிமோட் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தங்கியிருந்தது ஒருத்திதான்.

"ஆபீசர்" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"வீட்டுல எத்தன பேட்டரி மாத்துன?"

வண்டி ஒரு சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தது, பின்னாலிருந்தவர்கள் ஒலிப்பான் அடித்தார்கள்.

"எல்லாத்தையும்" என்றாள். "நீங்க எல்லாரும் அளுதுட்டு இருந்தீங்க. எனக்கு அள வரல, அண்ணி. கையச் சும்மா வெச்சுட்டு இருக்கவும் முடியல. பெல்லுக்குப் போட்டேன். கடிகாரத்துக்குப் போட்டேன். அப்புறம் அந்தப் பொட்டியத் தொறந்து தூசி தொடச்சேன். உள்ள ஒரு பேட்டரி இருந்துச்சு. அதையும் மாத்துனேன். போட்டதும் தேதி கேட்டுச்சு. சரியான தேதியக் குடுத்தேன். அண்ணனோட பொருள் எல்லாம் நல்லா ஓடணும்னு…"

அவர்கள் குடும்பத்தில் ழகரமும் வராது, அழவும் வராது. வந்தது இப்போதுதான், வாடகை வண்டியில், ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க. மடியில் பெட்டி இருந்ததால் என்னால் அவளை அணைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து அவள் தலையில் வைத்தேன்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதப் போற?"

மூக்கை உறிஞ்சினாள். "குற்றவாளி, விசாரணை அதிகாரி."

"மோட்டிவ்?"

குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்து என் மடியிலிருந்த பெட்டியின் மேல் வைத்தாள்.

*

மதியம் இரண்டு மணிக்குப் பின்கட்டு அறையில் பெட்டியைத் திறந்தோம். அந்தப் பொத்தானை அவள்தான் கழற்றினாள். நகத்தால் நெம்பும்போது குண்டைச் செயலிழக்க வைப்பவள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழற்றியதை என் கணவரின் பேனாக் குவளையில் போட்டாள். 'டிங்' என்றது.

கணினியைப் போட்டேன். திரையின் மூலையில் தேதி வந்தது. ஜனவரி ஒன்று. படத்தின் மேல் சொடுக்கினேன். சாம்பல் பெட்டி வரவில்லை. நீரேற்று நிலையம் வந்தது, பிறகு அதன் மேல் அவர் குரல்.

"இந்த நகரத்தின் ஒவ்வொரு குளாயிலும்…"

ஆபீசர் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் உரையின் காகிதப் பிரதியை மடியில் விரித்து, பென்சிலைக் கையில் எடுத்தேன். எனக்குத் தெரிந்த துக்கம் அனுசரிக்கும் முறை அதுதான். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வந்தேன். முதல் பக்கத்தில் மாற்றம் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. இருபத்து மூன்று 'குழாய்', இருபத்து மூன்று 'குளாய்'. அதை மாற்றமாக நான் கணக்கில் எடுக்கவில்லை. அது அவர்.

மூன்றாம் பக்கம் முடியப் போகிறது. சந்தேகம் வந்தது. சும்மா சொல்லியிருப்பாரோ? என்னைப் படத்தை முழுதாகக் கேட்க வைக்க ஒரு தந்திரமோ? அவர் செய்யக்கூடியவர்தான்.

கடைசி வரி. வாரியத்து அதிகாரிகள் தங்கள் பேரும் வர வேண்டும் என்று அடம்பிடித்ததால் நான் எழுதிக் கொடுத்திருந்தது 'எழுத்து: வாரியம்' என்பது.

"எளுத்து" என்றார் என் கணவர். ஒரு சின்ன இடைவெளி. "பிழை."

பென்சில் நின்றது.

ழகரம். நாக்கை மடக்கி, மேலே கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் விட்ட சுத்தமான ழகரம். முந்தைய சொல்லில் கோட்டைவிட்டவர் இதில் கோட்டை கட்டியிருந்தார். எழுத்து, பிழை. சேர்த்துப் படித்தால் என் தொழில். பிரித்துப் படித்தால் என் பெயர். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை முதல்முறையாகச் சரியாகக் கூப்பிடுகிறார், அதுவும் நீர் வாரியத்தின் செலவில்.

"கீள பாருங்க அண்ணி, ஏதோ இருக்கு" என்றாள் ஆபீசர்.

திரையில் அந்த ஒலித்துண்டுக்குக் கீழ் வரிசையில் இன்னும் பதினொரு சின்னத் துண்டுகள், சத்தம் அணைக்கப்பட்டு, வரிசையாக இருந்தன. அழிக்காமல் விட்டிருக்கிறார். அவள் சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"பிளை. பிளை. பி… ளை. சே. பிளை. பிள்… பிளை. ஐயோ. பிளை."

இப்படிப் பதினொரு தடவை. பன்னிரண்டாவதுதான் மேலே போயிருக்கிறது. அன்று காலை நான் குளித்து, சாப்பிட்டு, செருப்பைத் தேடிய நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறார்.

ஆபீசர் கடைசித் துண்டைத் திரும்பப் போட்டாள். இன்னொரு தடவை போட்டாள். முகமெல்லாம் ஈரத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணி, 'பிளை'ன்னு எவ்ளோ சரியாச் சொல்லிட்டான் பாருங்க!"

நான் திருத்தவில்லை.

காலிங் பெல் இப்போதும் அடிக்கிறது. கடிகாரம் ஓடுகிறது. இரவல் முக்காலியை மறுபடி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொத்தான் பேட்டரி பேனாக் குவளையிலேயே கிடக்கிறது. பின்கட்டு அறைக் கணினியை எப்போது போட்டாலும் தேதி ஜனவரி ஒன்று.